தாலி கட்டினால் போதாது, பதிவும் வேண்டும்: வெளிநாட்டுத் துணையை மணப்போர் அறிய வேண்டியவை

மம்பாவ் வட்டாரத்தில் அண்ணன், தங்கை இருவர் உள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் பிறந்து, பின்னர் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். இருவரிடமும் நீல அடையாள அட்டை இருக்கிறது. அண்ணனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். தங்கையோ கோலாலம்பூரில் உடன் வேலை செய்த தமிழ்நாட்டு இளைஞரை விரும்பி, பெற்றோர் சம்மதத்தோடு மணக்கப் போகிறாள். இரண்டும் ஒரே வீட்டுக் கல்யாணம், ஒரே சமயம், ஒரே மொழி.

ஆனால் சட்டத்தின் முன் இவை ஒன்றல்ல. அண்ணன் மனைவிக்குத் திறந்திருக்கும் கதவு தங்கை கணவருக்குத் திறப்பதில்லை. பிள்ளை பிறக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது. இதில் பெரும்பாலானதைக் குடும்பத்தால் மாற்ற முடியாது. குடும்பத்தின் கையில் இருப்பது ஒன்றுதான்: திருமணத்தை முறையாக, உரிய நேரத்தில், பிள்ளை பிறப்பதற்கு முன்பே பதிவு செய்வது. பின்னால் வரும் விசா, நிரந்தர வசிப்பிடம், குடியுரிமை, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எல்லாமே அந்த ஒரு சான்றிதழைச் சுற்றித்தான் நிற்கின்றன.

கோயில் கல்யாணமும் பதிவுக் கல்யாணமும்

1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்த 1976ஆம் ஆண்டு திருமண, மணமுறிவுச் சட்டத்தின் கீழ்தான் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் நடக்கின்றன. கோயிலில் ஐயர் மந்திரம் ஓத, உற்றார் உறவினர் அட்சதை தூவ, தாலி கட்டினாலும், சட்டப்படி பதிவு இல்லையென்றால் அது அரசின் கண்ணில் திருமணமே அல்ல. துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் உள்ள கோயிலில் சடங்கையும் பதிவையும் ஒன்றாகவே முடிக்கலாம். மற்றவர்கள் தேசியப் பதிவுத் துறையான ஜே.பி.என். அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். மம்பாவ், ரந்தாவ் பகுதி மக்களுக்கு சிரம்பான் அலுவலகமே அருகில்.

மணமகனோ மணமகளோ வெளிநாட்டவராக இருந்தால் கூடுதல் ஆவணங்கள் கேட்கப்படும். செல்லத்தக்க கடப்பிதழும் நாட்டில் இருப்பதற்கான அனுமதியும் கட்டாயம். அவர் திருமணமாகாதவர் அல்லது மறுமணத்துக்குத் தடையில்லாதவர் என்று அவர் நாடு தரும் சான்றும் முக்கியம். இந்தியர் என்றால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் இதுபற்றிக் கேட்க வேண்டும். சட்டப்படி, மனு கொடுப்பதற்கு முன் அந்த மாவட்டத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். மனு 21 நாள் பார்வைக்கு வைக்கப்படும். எனவே இரண்டு வார விடுமுறையில் வந்து கல்யாணமும் பதிவும் முடித்துவிடலாம் என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், முகப்பில் தேதிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்ய பி.எல்.கே.எஸ். எனும் தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் இங்கே திருமணம் செய்யக்கூடாது என்பது அந்த அனுமதியின் நிபந்தனை. இதை மறைத்துக் கோயிலில் தாலி கட்டுவோர் உண்டு. அப்படிச் செய்தால் பதிவும் கிடைக்காது, அனுமதியும் பறிபோகும். வேலை ஒப்பந்தத்தை முடித்து, ஊர் திரும்பி, அங்கே முறைப்படி மணந்து, பிறகு துணையாக உள்ளே வருவதே பாதுகாப்பான வழி.

கல்யாணம் தமிழ்நாட்டில் நடந்தால்

உதாரணத்தில் உள்ள அண்ணனின் கல்யாணம் பெண் வீட்டு வழக்கப்படி தஞ்சாவூரில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். 90 நாளுக்குள் பதிவதே முறை. அதற்குப் பிறகு கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதியும்படி சில சார்பதிவாளர்கள் சொல்வதுண்டு. அந்த வழிக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எது பொருந்தும் என்பதை நிச்சயதார்த்தத்தின்போதே விசாரித்துவிட வேண்டும்.

அதோடு வேலை முடிவதில்லை. வெளிநாட்டில் மணம் முடிக்கும் மலேசியக் குடிமகன் 6 மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டினருக்குச் சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. 6 மாதம் முடியும் முன்பே மலேசியா திரும்பிவிட்டால் இங்குள்ள பதிவாளரிடம் செய்யலாம். இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியே விண்ணப்பிக்க வேண்டிவரும்.

மருமகள் வந்தால்

பதிவு முடிந்து வரும் மனைவிக்கு முதலில் கிடைப்பது நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. இதைக் குடிநுழைவுத் துறை தருகிறது. கணவரே இதற்குப் பொறுப்பாளர். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவர் உடன் போக வேண்டும். இந்த அனுமதியை வைத்துக்கொண்டு அப்படியே வேலைக்குப் போய்விட முடியாது. வேலை செய்ய அனுமதிக்கும் குறிப்பைத் துறையிடம் கேட்டு, கடப்பிதழில் சேர்த்துக்கொண்ட பிறகே சம்பளத்துக்குப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் நடத்தும் உணவுக் கடையில் கைமாறாக உதவுவதும்கூட அதிகாரி கண்ணில் வேலைதான்.

சில ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிறகு நிரந்தர வசிப்பிடத்துக்கு, அதாவது பி.ஆர். தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் சிவப்பு அடையாள அட்டை வரும். அதற்கு அடுத்த படிதான் குடியுரிமை.

கூட்டரசு அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு இந்த மருமகளுக்கு ஒரு தனி வழியைத் தருகிறது. குடிமகன் ஒருவரின் மனைவி, திருமணம் நீடிக்கும் நிலையில், விண்ணப்பத்துக்கு முந்திய 2 ஆண்டுகள் முழுவதும் இந்நாட்டில் வாழ்ந்து, தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உள்ளவராயின், குடிமகளாகப் பதிவு செய்யப்பட உரிமை பெறுகிறார். சலுகை என்று அல்ல, உரிமை என்றே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வழக்கமாக பி.ஆர். பெற்ற பிறகே இந்த விண்ணப்பம் நகர்கிறது. அதனால் காத்திருப்பு 2 ஆண்டுகளைத் தாண்டிப் போகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இங்கே மனைவி என்றால் சட்டப்படி பதிவான திருமணத்தின் மனைவி என்று அதே பிரிவு விளக்குகிறது. பதிவு இல்லாத தாலிக்கு அங்கே இடமில்லை.

மருமகன் வந்தால்

தங்கையின் கணவருக்கு 15ஆவது பிரிவு கிடையாது. அது மனைவியரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அவரும் நீண்டகால வருகை அனுமதியில் தங்கலாம். வேலைக்கான குறிப்பையும் பி.ஆர். தகுதியையும் கேட்கலாம். ஆனால் குடியுரிமை வேண்டுமென்றால் 19ஆவது பிரிவின் வழியே, திருமண உறவு இல்லாத எந்த வெளிநாட்டவரும் வருவதைப் போலத்தான் வர வேண்டும். முந்திய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கடைசி 12 மாதம் அதில் அடங்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். நன்னடத்தையும் போதிய மலாய் மொழி அறிவும் தேவை. இவ்வளவும் இருந்தாலும் தருவதும் தராததும் அரசின் விருப்பம்.

ஆகவே தங்கை கணவர் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர் என்று ஊர் நினைத்தாலும், சட்டத்தில் அவர் பல ஆண்டுகள் மனைவியின் பொறுப்பில் தங்கும் விருந்தாளியே. கல்யாணத்துக்கு முன்பே இரு வீட்டாரும் இதை வெளிப்படையாகப் பேசிக்கொள்வது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். மாப்பிள்ளைக்கு இங்கே ஒரு நிறுவனத்தில் முறையான வேலை அனுமதி இருந்தால், அது முடிவதற்கு முன் துணை அனுமதிக்கு மாறுவது பற்றிக் குடிநுழைவுத் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி முடிந்து ஒரு நாள் தங்கினாலும் அது குற்றம்.

உறவு முறிந்தால் அல்லது கணவர் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். துணை அனுமதி திருமணத்தை நம்பி நிற்பது. மலேசியக் குடிமக்களான பிள்ளைகள் இருந்தால், தங்குவதற்கான தனி அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்கும் கையில் திருமணச் சான்றும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் இருக்க வேண்டும். கடப்பிதழையும் பத்திரங்களையும் மாமியார் அலமாரியில் வைத்துப் பூட்டாமல், நகல்களையாவது மருமகள் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.

தலைப்பிரசவம் எங்கே?

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். இந்த வழக்கம் குடியுரிமைச் சட்டத்தோடு நேராக மோதும் இடம் இது.

தங்கை தன் தாய் வீட்டுக்கு வந்து சிரம்பானில் பிள்ளை பெற்றால் சிக்கல் இல்லை. மலேசியாவில் பிறந்து, பெற்றோரில் ஒருவர் குடிமகன் அல்லது குடிமகளாக இருந்தால் பிள்ளை சட்டப்படி மலேசியக் குடிமகன். தாயின் குடியுரிமையே போதும். ஆனால் அவள் கணவன் ஊரில், தமிழ்நாட்டில் பெற்றால்? அரசியலமைப்பின் பழைய வாசகம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமையை மட்டுமே பார்த்தது. மலேசியத் தாயின் பிள்ளை தானாக மலேசியர் ஆகவில்லை. மனுப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2020இல் கோவிட் எல்லைகளை மூடியபோது, பிரசவத்துக்குத் தாய் நாடு திரும்ப முடியாமல் தவித்த மலேசியப் பெண்களின் நிலை இதனால்தான் அத்தனை கடினமாயிற்று.

அண்ணன் மனைவிக்கோ நிலை நேர்மாறு. அவர் தலைப்பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போனாலும், கணவர் மலேசியாவில் பிறந்த குடிமகன் என்பதால், பதிவுத் திருமணத்தில் பிறந்த பிள்ளை மலேசியக் குடிமகனே. பிறப்பைச் சென்னைத் துணைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தள்ளிப் போடக்கூடாது. தந்தையும் வெளிநாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த ஓராண்டு கெடு உயிர்க்கெடு.

ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒரே மருத்துவமனையில் பிள்ளை பெற்றுக்கொண்டாலும், ஒன்று மலேசியக் குழந்தை, மற்றொன்று வெளிநாட்டுக் குழந்தை. இந்த வேற்றுமையைத்தான் ஆறு தாய்மாரும் குடும்ப நல அமைப்பான ஃபேமிலி ஃபிரன்டியர்ஸும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயினர். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தாய்மாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டு 5ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. அதன் பிறகே விவகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது.

2024 திருத்தம் சொல்வது என்ன?

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை அரசியலமைப்புத் திருத்த மசோதாவை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவோடு ஏற்றது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை விஷயத்தில் ‘தந்தை’ என்ற சொல்லுக்குப் பதில் ‘பெற்றோரில் ஒருவராவது’ என்பது வருகிறது. தங்கைமாருக்கு இது பெரிய வெற்றி. ஆனால் முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு இது பின்னோக்கிப் பொருந்தாது. அவர்கள் பழையபடி விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கான வயது வரம்பு 21இலிருந்து 18ஆகக் குறைகிறது. பிள்ளை வளர்ந்ததும் பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு மூன்று ஆண்டுகள் குறைகின்றன.

அண்ணன்மாரின் மனைவியருக்கு இரண்டு மாற்றங்கள். 15ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கப் போதிய மலாய் மொழி அறிவு தேவைப்படும். மேலும், முன்பு திருமணமான நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மணமுறிவு ஏற்பட்டால் குடியுரிமையைப் பறிக்க வழி இருந்தது. இப்போது அந்த 2 ஆண்டு, குடியுரிமை பெற்ற நாளிலிருந்து எண்ணப்படும். வெளிநாட்டுக் கணவர்களின் நிலையை இந்தத் திருத்தம் தொடவில்லை.

சட்டம் நிறைவேறுவது வேறு, அமலுக்கு வரும் நாள் வேறு. பிள்ளை பிறக்கும் தேதியில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை ஜே.பி.என். முகப்பில் நேரில் கேட்டு உறுதி செய்வதே சரி.

பதிவுக்கு முன் பிறந்த பிள்ளை

எல்லாவற்றிலும் வலி மிகுந்தது இதுதான். தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர், கோயிலில் தாலி கட்டிச் சேர்ந்து வாழ்கிறார்கள், பிள்ளை பிறக்கிறது, பிறகுதான் பதிவைப் பற்றி நினைக்கிறார்கள். திருமணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு ‘தந்தை’, ‘பெற்றோர்’ என்ற சொற்கள் தாயை மட்டுமே குறிக்கும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை. எனவே சிரம்பான் மருத்துவமனையில் பிறந்து, மம்பாவில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளிக்குப் போகும் அந்தப் பிள்ளை தாயின் நாட்டுக்காரனாகவே கணக்கிடப்படுகிறது.

இரு பெற்றோரும் சேர்ந்து கேட்டால் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் இடம்பெறும். பலர் அதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். தந்தை பெயர் வேறு, குடியுரிமை வேறு. பத்திரத்தில் குடியுரிமை நிலை எழுதப்பட்ட வரியைப் பார்க்க வேண்டும். அங்கே ‘வார்கானெகாரா’ என்று இருந்தால் குடிமகன். ‘புக்கான் வார்கானெகாரா’ என்று இருந்தால் குடிமகன் அல்ல. 12 வயதில் மைகாட் எடுக்கப் போகும்போது அதிர்ச்சி அடைவதைவிட, பத்திரம் கையில் வாங்கிய அன்றே அந்த வரியைப் படிப்பது மேல்.

பிறகு பெற்றோர் மணத்தைப் பதிந்தால் பிள்ளை சட்டபூர்வப் பிள்ளை ஆகிறதே என்ற கேள்வி எழும். வாரிசு உரிமை போன்றவற்றுக்கு அது உதவும். ஆனால் குடியுரிமைக்குப் பிறந்த நேரத்து நிலையே அளவுகோல் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 மே 28ஆம் தேதி நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் கூறியது. பிலிப்பீன்சில் பிறந்த, மலேசியத் தந்தையின் பிள்ளை பற்றிய வழக்கு அது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு மிஞ்சும் வழி 15ஏ பிரிவின் கீழ் சிறப்புச் சூழல் காட்டி உள்துறை அமைச்சிடம் விண்ணப்பிப்பது. அது அரசின் விருப்புரிமை. வயது வரம்புக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மனு போட வேண்டும். மறுக்கப்பட்டால் சோர்ந்துவிடாமல் மீண்டும் போடலாம்.

சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு

தோட்டப்புறத்தில் பலருக்கு இது வெளிநாட்டுக் கல்யாணம் பற்றிய செய்தியாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு அட்டையோடு இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்தியர்களின் ஆவணச் சிக்கலுக்காக 2011இல் மைடஃப்தார் இயக்கம் நடத்தப்பட்டதும் இதனால்தான். நீல அட்டை ஆண், சிவப்பு அட்டைப் பெண்ணை மணந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது குடிமகன், குடிமகன் அல்லாதவர் திருமணம்.

பழைய விதியில் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தர வசிப்பாளராக இருந்தாலும் குடியுரிமை கிடைத்தது. அதனால் பதிவில்லாத கல்யாணத்திலும் சிவப்பு அட்டைத் தாயின் பிள்ளை தப்பித்தது. 2024 திருத்தம் அந்த ‘நிரந்தர வசிப்பாளர்’ என்ற பகுதியை நீக்குகிறது. இனி தாய் சிவப்பு அட்டை, கல்யாணம் பதிவாகவில்லை என்றால், தந்தையிடம் நீல அட்டை இருந்தும் பிள்ளைக்கு அது கைகொடுக்காது. தோட்ட மக்கள் மிகவும் கவனிக்க வேண்டிய மாற்றம் இதுவே. இப்போதே சேர்ந்து வாழும் இணையர் அடுத்த பிள்ளைக்கு முன் பதிவை முடித்துவிட வேண்டும்.

இந்தியாவில் குடியேற நினைத்தால்

தங்கை கணவனோடு தமிழ்நாட்டில் வாழ முடிவு செய்தால் அவளுக்கு முன் இரண்டு வழிகள். ஒன்று ஓ.சி.ஐ. அட்டை. இந்தியக் குடிமகனை மணந்து, பதிவான திருமணம் 2 ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்திய வம்சாவளி என்ற முறையில் தாத்தா, கொள்ளுத் தாத்தா ஆவணங்களோடும் கேட்கலாம். இது ஆயுள்கால விசா போன்றது. வாக்குரிமை இல்லை, விளைநிலம் வாங்க முடியாது. ஆனால் மலேசியக் கடப்பிதழ் கையிலேயே இருக்கும்.

மற்றொன்று இந்தியக் குடியுரிமை. இந்தியரை மணந்தவர் 7 ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்த பிறகு பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பெற்றால் மலேசியக் குடியுரிமையை இழக்க வேண்டிவரும். அதேபோல அண்ணன் மனைவி மலேசியக் குடிமகளாக உறுதிமொழி எடுத்ததும், 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி அவரது இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பழைய கடப்பிதழை ஒப்படைத்துவிட வேண்டும். வைத்துக்கொண்டு பயணம் செய்வது குற்றம்.

இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிள்ளைக்கு இரண்டு கடப்பிதழ் எடுத்து வைத்தால் பிற்காலத்தில் வசதி என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அந்த வசதிதான் பின்னால் பிள்ளையின் குடியுரிமையையே கேள்விக்குள்ளாக்கும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

கல்யாணத் தேதி குறிக்கும் முன் வெளிநாட்டுத் துணையின் அனுமதி வகையையும் மணத்தகுதிச் சான்றையும் சரிபார்க்க வேண்டும். மண்டபக் கல்யாணத்துக்கு முன்போ அன்றோ பதிவு முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் நடந்தால் 6 மாதத்துக்குள் மலேசியப் பதிவு. அதன் பிறகு நீண்டகால வருகை அனுமதி, வேலைக் குறிப்பு. பிரசவத்துக்கு எந்த ஊர் என்பதை விமானச் சீட்டு வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டும். பிள்ளை மலேசியாவில் பிறந்தால் 60 நாளுக்குள் பிறப்புப் பதிவு, வெளிநாட்டில் பிறந்தால் ஓராண்டுக்குள் தூதரகப் பதிவு. ஒவ்வொரு பத்திரத்திலும் பெயர் எழுத்து கடப்பிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் முகவர் தேவையில்லை. படிவங்கள் அரசு முகப்புகளிலேயே கிடைக்கும். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று வந்தாலோ சட்ட உதவி அலுவலகத்தையோ வழக்கறிஞர் மன்றத்தின் இலவசச் சட்ட உதவி மையத்தையோ நாடலாம்.

கல்யாணப் பட்டுப் புடவைக்கும் விருந்துக்கும் மாதக்கணக்கில் அலையும் குடும்பம், ஒரு நாள் ஒதுக்கி சிரம்பான் ஜே.பி.என். முகப்பில் வரிசை எண் எடுத்து உட்கார்ந்தால், அடுத்த தலைமுறை அதே முகப்பில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்காது.